மின் துளைக்கருவியும் நமது பாதுகாப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள நமது தேவதானத்திலும், அருகிலுள்ள சேத்தூர், முகவூர் முதலிய ஊர்களிலும் முன்னாளில் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டுமென்றால் கொத்தனாரையோ தச்சரையோ அழைப்பார்கள். அவர் உளியையும் சுத்தியலையும் கொண்டு சுவரைக் கொத்துவார். அந்தக் குழியில் ஒரு மரக்கட்டையை இறுக அடிப்பார். பிறகு அதன்மேல் ஆணியை அறைவார். ஒரு படம் மாட்டுவதற்குள் அரைமணி நேரம் கழிந்துவிடும். சுவரிலும் ஒரு சாண் அளவு பூச்சு உதிர்ந்துவிடும். இன்றோ அதே வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. காரணம், மின் துளைக்கருவி. கடைத்தெருவில் இதனை ‘டிரில்லிங் மெஷின்’ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

அலமாரிப் பலகை, திரைச்சீலைக் கம்பி, முகம் பார்க்கும் கண்ணாடி, சுவர் மின்விசிறி, வகுப்பறையில் கரும்பலகை, திருச்சிலுவை என்று எதை மாட்டுவதற்கும் இக்கருவி பயன்படுகிறது. ‘இது ஆண்பிள்ளைகள் வேலை, நமக்கு எதற்கு?’ என்று மாணவியர் சிலர் எண்ணக்கூடும். அண்ணன் சுவரில் துளை போடும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? கீழே விழும் தூளைப் பெருக்குபவர் யார்? பக்கத்தில் தவழும் தம்பியைத் தூக்கிக்கொள்பவர் யார்? பெரும்பாலும் நாம்தானே! கருவியைக் கையில் எடுப்பவருக்கு மட்டுமின்றி அருகில் நிற்பவருக்கும் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். நாளை நாமே அதனை எடுத்து வேலை செய்யவும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் முறையறிந்து செய்ய வேண்டும்.

இக்கருவியைப் பற்றி நாம் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இது நமது கையைவிட வேகமானது. நமது எண்ணத்தைவிடவும் வேகமானது. ஆகவே, ‘ஆபத்து வந்தால் அப்போது நிறுத்திக்கொள்ளலாம்’ என்னும் நினைப்பு இதனிடம் செல்லாது. பாதுகாப்பு முழுவதும் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அது ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

துளைக்கருவி வளர்ந்த வரலாறு

துளையிடும் கலை மிகப் பழமையானது. இன்றைய பாகிஸ்தானிலுள்ள மெஹர்கர் என்னுமிடத்தில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் பற்களில் கல்முனை கொண்டு துளையிட்ட அடையாளங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் நுண்ணிய துளையிட்ட கல்மணிகள் கிடைத்துள்ளன. நமது தச்சர்கள் தமரூசியையும், வில்லைக் கொண்டு சுழற்றும் துரப்பணத்தையும் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தார்கள்.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. கை நின்றால் கருவியும் நின்றுவிடும். நூல் சிக்கினாலும், விரல் பட்டாலும், வலிக்கும் அக்கணமே கை தானாக ஓய்ந்துவிடும். கருவியின் பலம் என்பது கையின் பலமே.

1821-இல் மைக்கேல் பாரடே, மின்னோட்டத்தையும் காந்தத்தையும் கொண்டு ஒரு கம்பியை இடைவிடாது சுழலச் செய்யலாம் எனக் காட்டினார். மின்மோட்டாருக்கு வித்து அதுவே. 1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த பெய்ன் நிறுவனத்தார் கையில் தூக்கிச் செல்லத்தக்க கருவியைச் செய்தார்கள். 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் உடைய கருவிக்குக் காப்புரிமை பெற்றது. இன்று நாம் காணும் வடிவம் பெரும்பாலும் அதுவே.

தென் மாவட்டங்களுக்கு ஒளியூட்டிய பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் மின்கம்பிகள் சிற்றூர்களையும் எட்டின. மின்சாரத்தோடு மின்கருவிகளும் வந்தன. அன்றுமுதல் ‘கை நின்றால் கருவி நிற்கும்’ என்ற பழைய வழக்கம் மாறிப்போயிற்று.

உள்ளே நடப்பது என்ன?

கருவிக்குள் ஒரு சிறு மின்மோட்டார் உள்ளது. அது பற்சக்கரங்களின் வழியாக முன்புறமுள்ள ‘சக்’ என்னும் பிடிப்பானைச் சுழற்றுகிறது. சக்கின் மூன்று தாடைகள் ‘பிட்’ எனப்படும் துளையூசியை இறுகக் கவ்விக்கொள்கின்றன. வீட்டு உபயோகக் கருவிகளில் 10 மில்லிமீட்டர் அல்லது 13 மில்லிமீட்டர் வரையுள்ள பிட்டைப் பொருத்தலாம்.

மரத்துக்கும் இரும்புக்கும் சுழற்சி மட்டும் போதும். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் அது போதாது. கூடவே தட்டுதலும் வேண்டும். இதற்காகக் கருவியினுள் பற்கள் வெட்டிய இரு வட்டத் தகடுகள் எதிரெதிராக வைக்கப்பட்டுள்ளன. ஒன்று அசையாதது, மற்றொன்று அச்சோடு சேர்ந்து சுழல்வது. கருவியைச் சுவரில் வைத்து அழுத்தும்போது ஒரு தகட்டின் பற்கள் மற்றதன் பற்களின்மேல் ஏறி ஏறி விழுகின்றன. ஒவ்வொரு முறை விழும்போதும் பிட் சுவரைத் தட்டுகிறது. தகட்டில் 16 பற்கள் என்றும், அச்சு நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்கிறது என்றும் கொண்டால், நிமிடத்திற்கு 16 × 3,000 = 48,000 தட்டுகள்! வினாடிக்கு 800. எந்தக் கொத்தனாரால் இப்படித் தட்ட முடியும்?

கருவியின் மேற்புறத்தில் சுத்தியல் படமும் பிட்டின் படமும் போட்ட ஒரு சிறு தள்ளுவிசை இருக்கும். சுவருக்குச் சுத்தியல் பக்கம். மரத்துக்கும் இரும்புக்கும் பிட் பக்கம். சுவர் ஓடு எனப்படும் டைல்ஸில் தொடக்கத்திலேயே தட்டினால் ஓடு விரிந்துவிடும். ஆதலால் முதலில் சுழற்சி மட்டும் வைத்து, மெதுவாக ஓட்டைத் துளைத்து, அதனைக் கடந்து சுவர் வந்தபின்னரே தட்டுதலைத் தொடங்க வேண்டும்.

பிட்டுகளிலும் வகை உண்டு. சுவர் பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருள் பதிக்கப்பட்டிருக்கும். 1920-களில் ஜெர்மனியில் உருவான இப்பொருளை ‘வைரம் போன்றது’ என்று பொருள்படும் ‘விடியா’ என்ற பெயரில் விற்றார்கள். இரும்புக்குரிய பிட்டைச் சுவரில் செலுத்தினால் நொடியில் மழுங்கிவிடும். மழுங்கிய பிட்டை மேலும் அழுத்தினால் சூடேறி ஒடிந்து தெறிக்கும். பொருந்தாத பிட்டே பல விபத்துகளுக்கு முதற்காரணம்.

கணக்கு சொல்லும் பாடம்

இப்போது நாம் முன்னே கூறிய வேகக் கணக்கைப் போடுவோம்.

நிமிடத்திற்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 சுற்று. சக்கின் விட்டம் 4 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அதன் சுற்றளவு 3.14 × 4 = 12.56 சென்டிமீட்டர். ஒரு வினாடியில் அதன் விளிம்பு கடக்கும் தூரம் 12.56 × 50 = 628 சென்டிமீட்டர்.

நமது பின்னல் ஒன்றின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனி சக்கில் சிக்கினால் முழுப்பின்னலும் சுருண்டு தலை கருவியோடு மோதுவதற்கு ஆகும் நேரம் 60 ÷ 628, அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணால் கண்டு, மூளை உணர்ந்து, விரல் விசையை விடுவதற்கோ குறைந்தது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். விரலை எடுத்தபின்னும் மோட்டார் உடனே நின்றுவிடாது; சில சுற்றுகள் ஓடியே நிற்கும். எனவே எவ்வளவு சுறுசுறுப்பான பெண்ணாயினும் இப்போட்டியில் வெல்ல முடியாது. வெல்வதற்கு வழி ஒன்றே. பின்னல் அவ்விடத்தில் இல்லாமலிருக்க வேண்டும்.

ஆகவே கருவியைத் தொடுமுன் இரட்டைச் சடையாயினும் ஒற்றைச் சடையாயினும் கொண்டையாக முடிந்து, ஒரு துணியால் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். தலையில் சூடிய பூச்சரத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். தாவணியின் தலைப்பையும் சேலை முந்தானையையும் இழுத்து இடுப்பில் செருகி ஊக்கு குத்த வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைப்பதே நன்று. துறவறச் சகோதரிகளின் தலைத்துகிலுக்கும் இதே விதிதான். கழுத்துச் சங்கிலி, கழுத்தில் அணிந்த செபமாலை, வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றையும் அகற்ற வேண்டும்.

கையுறை அணிந்தால் பாதுகாப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். சுழலும் கருவிக்கு இது பொருந்தாது. துணிக்கையுறையின் ஒரு நூல் பிட்டில் பிடிபட்டால் போதும், அது விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெறுங்கையே நல்லது. சூடான பிட்டைக் கழற்ற வேண்டுமானால் கருவி நின்று ஆறிய பிறகு கழற்றலாம்.

மின்சாரம்: பியூஸ் நம்மைக் காக்குமா?

நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. 650 வாட் துளைக்கருவி எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 650 ÷ 230, அதாவது சுமார் 2.8 ஆம்பியர்.

மனித உடலில் ஒரு மில்லி ஆம்பியர் (ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓடினால் இலேசான குறுகுறுப்புத் தெரியும். 10 முதல் 15 மில்லி ஆம்பியர் ஓடினால் தசைகள் இறுகிவிடும். பிடித்த பொருளை விட முடியாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டு ஒரு வினாடி அளவு நெஞ்சின் வழியே ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும். துளைக்கருவியையோ நாம் விரல்களால் சுற்றிப் பிடித்திருக்கிறோம். ஷாக் அடித்தால் கையை எடுத்துவிடலாம் என்றால், அந்தக் கைதான் அப்போது நம் சொல்லைக் கேட்காது.

ஈரக்கையும் ஈரத்தரையுமாக நிற்பவரின் உடல் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். ஓம் விதிப்படி 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் ஓடும். உயிரைப் பறிக்க இது போதும். ஆனால் 5 ஆம்பியர் பியூஸ் உருகுவதற்கு இது போதவே போதாது! பியூஸும் சரி, இப்போது அதன் இடத்தில் வந்துள்ள எம்.சி.பி.யும் சரி, கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பவை. மனிதரைக் காப்பது அவற்றின் வேலையன்று. ‘மெயினில் பியூஸ் இருக்கிறதே’ என்று நம்பியிருப்பது தவறு.

மனிதரைக் காப்பவை மூன்று.

முதலாவது எர்த் எனப்படும் நில இணைப்பு. மூன்று முள் பிளக்கில் மேலேயுள்ள முள் மற்றவற்றைவிட நீளமாகவும் பருமனாகவும் இருப்பதைக் காணலாம். செருகும்போது அது முதலில் இணைய வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இரும்புக் கூடுள்ள கருவியில் உள்கம்பி நைந்து கூட்டில் பட்டால், மின்சாரம் நம் உடல் வழியாகப் போகாமல் பச்சைக் கம்பி வழியாக நிலத்தில் இறங்கும். அப்போது மிகுதியான மின்னோட்டம் ஓடுவதால் பியூஸும் உருகிவிடும். ஆனால் எர்த் குழி காய்ந்து கிடந்தால் இது நடவாது. கரியும் உப்பும் இட்ட அக்குழிக்குக் கோடைகாலத்தில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வருவது நம் ஊர் போன்ற வறண்ட பகுதிகளில் மிகவும் அவசியம்.

இரண்டாவது இரட்டைக் காப்பு. இக்காலக் கருவிகள் பலவற்றில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறியைக் காணலாம். உள்ளே ஒரு காப்பும் வெளியே பிளாஸ்டிக் கூடாக மற்றொரு காப்பும் உள்ளன என்பது அதன் பொருள். இவற்றுக்கு எர்த் கம்பி தேவையில்லை. இரண்டு முள் பிளக்கோடு வருவதும் குறையன்று. ஆனால் கூடு விரிந்துவிட்டாலோ, உள்ளே நீர் புகுந்துவிட்டாலோ அக்காப்புப் பயனற்றுப் போகும். அந்தக் குறியில்லாத கருவியில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் துளையில் செருகுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது மின்கசிவுக் காப்பு. இதனை எலக்ட்ரீசியன்கள் ஆர்.சி.சி.பி. என்பார்கள். லைனில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். வழியில் யாருடைய உடல் மூலமாகவாவது நிலத்துக்குக் கசிந்தால் திரும்பி வருவது குறையும். இக்குறைவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்னோ எட்டியவுடனோ இக்கருவி வினாடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடும். நமது கையால் முடியாததை இது செய்கிறது. இதிலுள்ள ‘டி’ என்னும் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழுந்தால் நலமாக உள்ளது என்று பொருள். ஆயினும் ஒரு கை லைனையும் மறுகை நியூட்ரலையும் தொட்டால் இதுவும் காக்காது என்பதை மறத்தலாகாது.

சுவருக்குள் ஒளிந்திருப்பவை

இப்போது கட்டப்படும் வீடுகளில் மின்கம்பிகள் சுவருக்குள்ளே குழாயில் பதிக்கப்படுகின்றன. அவை சுவிட்சுப் பெட்டிக்கு நேர்மேலாகவோ, நேர்கீழாகவோ, கிடையாகவோ செல்வது வழக்கம். ஆகவே சுவிட்சுக்கும் பிளக் பெட்டிக்கும் நேராக மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடுதல் கூடாது. குளியலறைச் சுவரிலும் சமையலறைத் தொட்டிச் சுவரிலும் தண்ணீர்க் குழாய்களைப் பற்றியும் இவ்வாறே எச்சரிக்கை வேண்டும். ஐயமிருந்தால் வீட்டுக்கு ஒயரிங் செய்தவரைக் கேட்க வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரிலிருந்து வரும் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனையும் அணைத்தால்தான் சுவரிலுள்ள கம்பிகள் உயிரற்றவையாகும்.

மின்தடைக்கும் துளைக்கருவிக்கும் உள்ள தொடர்பு பலரும் எண்ணிப் பாராதது. கருவியின் பிடியில் விசையை அழுத்திய நிலையிலேயே நிறுத்தி வைக்கும் ஒரு சிறு பொத்தான் உண்டு. வேலையின் நடுவே கரண்டு போய்விட்டது. கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கரண்டு வந்ததும் தரையில் கிடக்கும் கருவி தானே துள்ளிச் சுழலத் தொடங்கும். பக்கத்தில் குழந்தை இருந்தால் என்னாகும்? எனவே கரண்டு போனதும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதே.

பொறியும் தூளும்

கருவியின் பின்புறத்துக் காற்றுத் துளைகள் வழியே பார்த்தால் சிறு நீலப் பொறிகள் தெரியும். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ்கள் உராய்வதால் இப்பொறிகள் உண்டாகின்றன. வீட்டில் இது சாதாரணமே. ஆனால் நமது விருதுநகர் மாவட்டம் சிவகாசியின் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும், இராஜபாளையத்தின் பஞ்சாலைகளுக்கும் பெயர் பெற்றது. வெடிமருந்துத் தூள் உள்ள இடத்திலும், பஞ்சுத்துகள் படிந்த இடத்திலும், பெட்ரோல், பெயிண்ட் தின்னர், சமையல் வாயு ஆகியவற்றின் வாடை உள்ள இடத்திலும் இக்கருவியை எடுக்கவே கூடாது. ஒரு பொறி போதும்.

துளையிடும்போது எழும் தூளில் மணலின் நுண்துகள்கள் உள்ளன. அவற்றை நாளெல்லாம் சுவாசிக்கும் தொழிலாளருக்கு நுரையீரல் நோய் வருகிறது. வீட்டில் ஓரிரு துளை போடும்போதும் முகக்கவசம் அணிவது நல்லது. பழைய தபால் உறை ஒன்றை விரித்துத் துளைக்கு அடியில் சுவரில் ஒட்டிவைத்தால் தூள் அதற்குள்ளேயே விழும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மட்டும் துளையிடவே வேண்டாம். அதன் நார்கள் புற்றுநோய் உண்டாக்குபவை. அக்கூரைமேல் கால் வைத்தாலும் உடைந்து விழுந்துவிட நேரும்.

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். தலைக்குமேல் துளையிடும்போது தூள் நேரே கண்ணில்தான் விழும். பார்வைக்காக அணியும் மூக்குக்கண்ணாடி இதற்குப் போதாது. தட்டும் ஓசை 90 டெசிபெலைத் தாண்டுவதால் தொடர்ந்து வேலை செய்வோர் காதடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் முறை

துளையிட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்க. திருகாணி நிற்பதற்குச் சுவரில் வைக்கும் பிளாஸ்டிக் ராவல் பிளக்கும் பிட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் ராவல் பிளக்குக்கு 8 மில்லிமீட்டர் பிட். (1958-இல் ஜெர்மானியர் ஆர்தர் பிஷர் செய்த பிளாஸ்டிக் பிளக்கின் வழிவந்தவையே இன்று நாம் வாங்குபவை.) எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவில் பிட்டின்மேல் ஒரு வண்ண டேப்பைச் சுற்றினால் அளவு தவறாது.

பிட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் பிளக் சுவரில் செருகியிருக்கக் கூடாது. சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே மறந்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால் அது கல்போல் பறந்து முகத்தைத் தாக்கும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. சாவியை ஒரு கயிற்றால் பிளக்குக்கு அருகில் ஒயரோடு கட்டிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலன்றிச் சாவி சக்குக்கு எட்டாது!

ஏணியில் நின்றால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியும் முக்காலியும் வேண்டாம். காலில் இரப்பர் செருப்பு அல்லது ஷூ இருக்க வேண்டும். ஒரு கை பின்பிடியையும் மறுகை பக்கப்பிடியையும் பற்றியிருக்க வேண்டும். இரும்பாலான சக்குப் பகுதியைப் பிடிக்கக் கூடாது. பிட் எங்கேனும் மின்கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியாகவே வரும். ஒயரைத் தோளுக்குப் பின்னால் விட்டுக்கொள்ள வேண்டும்.

விசையை மெல்ல அழுத்தித் தொடங்கி, துளை பிடித்தபின் வேகத்தைக் கூட்டலாம். உடல் பாரத்தையெல்லாம் சாய்த்து அழுத்த வேண்டியதில்லை. சற்றுத் துளைத்ததும் பிட்டைச் சுழன்றபடியே வெளியே இழுத்துத் தூளை நீக்கி மீண்டும் செலுத்த வேண்டும். கான்கிரீட்டினுள் இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் பிட் திடீரென நின்று, கருவி நம் மணிக்கட்டை முறுக்கும். அப்போது பலவந்தம் செய்யாமல் விசையை விட்டு, பிளக்கைப் பிடுங்கி, துளையைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். அக்கம்பி கட்டடத்தின் எலும்பு. அதனை அறுத்தல் ஆகாது.

மழை நாளில் ஊறிய வெளிச்சுவரில் இவ்வேலையைத் தள்ளிப் போடுவதே அறிவுடைமை. பதினெட்டு வயது நிரம்பாத மாணவியர் தகுந்த பெரியவர் அருகில் இல்லாமல் கருவியை இயக்கக் கூடாது.

விபத்து நேர்ந்தால்

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். ஓடிச்சென்று சுவிட்சையோ மெயினையோ அணையுங்கள். முடியாவிடில் காய்ந்த மரக்கட்டையால் கருவியை அவரிடமிருந்து தள்ளுங்கள். உடனே 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கண்ணில் தூள் விழுந்தால் கசக்காமல் தூய நீரால் கழுவுங்கள். துண்டு ஏதும் தைத்திருந்தால் அதனைப் பிடுங்காமல், அழுத்தமின்றிக் கண்ணை மூடி, அரசு மருத்துவமனைக்கோ கண் மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நமக்கு அருகே மதுரையில் இருப்பது பெரும் பேறு. பின்னல் சிக்கினால் இழுக்காமல் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

விடுமுறையில் செய்து பார்க்க

இக்கட்டுரையைப் படித்து முடித்த மாணவியர் தங்கள் வீட்டில் பெற்றோருடன் சேர்ந்து பின்வருவனவற்றைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

1. நம் வீட்டு மெயின் சுவிட்சு எங்கே உள்ளது? இருட்டிலும் அதனைக் கண்டுபிடிக்க நமக்குத் தெரியுமா?

2. ஆர்.சி.சி.பி. உள்ளதா? பெரியவர் முன்னிலையில் ‘டி’ பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? இல்லையெனில் எலக்ட்ரீசியனை அழைத்துப் பொருத்தச் சொல்லலாமா?

3. எர்த் குழிக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது?

4. வீட்டிலுள்ள மின்கருவிகளில் சதுரத்துக்குள் சதுரம் குறி உள்ளவை எவை? அக்குறி இல்லாமல் இரண்டு முள் பிளக்கோடு ஓடுபவை எவை?

5. டேப் சுற்றி ஒட்டுப்போட்ட ஒயர்கள் எத்தனை?

இவ்வைந்துக்கும் விடை எழுதிய பிறகு, அடுத்த முறை வீட்டில் துளைக்கருவியை எடுக்கும்போது, அப்பாவோ அண்ணனோ சுவிட்சில் கை வைக்குமுன், ‘சற்று நில்லுங்கள், ஒருமுறை பார்த்துவிடுவோம்’ என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. தயங்காமல் சொல்வோம்.